மளிகை நோட்டும் எண்ணெய்க் குடமும்

  சென்ற இதழில் உபவாசத்தைக் குறித்து எழுதினேன். இந்த இதழில் சாப்பாட்டைக் குறித்து எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க! விருந்துச் சாப்பாடு அல்ல. மாதம் பிறந்தால் நம் வீட்டுக்கு வருகிற அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய். அதாவது மளிகைச் சாமான். அதை ஒரு அளவுக்குள் வாங்கி, அந்த அளவிலேயே மாதத்தை ஓட்டுவது எப்படி என்கிற காரியம்.

"என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில் மளிகைக் கடை சமாச்சாரமா?" என்று கேட்பீர்கள். உங்கள் வேதப்புத்தகத்தில் 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு விதவை எலிசாவிடம் வந்து அழுகிறாள். அவள் புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன். கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். இன்றைக்குச் சொல்வதானால் ஊழியக்காரன் வீடு. அவன் செத்துப்போனான், கடன் சாகவில்லை. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று, இரண்டு பையன்களையும் அடிமையாகக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். தீர்க்கதரிசி அவளிடம் முதலாவது கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். ஒரு குடம் எண்ணெய் தவிர ஒன்றும் இல்லை என்கிறாள். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை வாங்கி வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, ஊற்று என்கிறார். ஊற்றினாள். பாத்திரம் தீர்ந்தபோது எண்ணெய் நின்றது. அல்லேலூயா!

இந்த அற்புதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் அற்புதம் 6-ம் வசனத்தோடு முடிந்துபோகிறது, அதிகாரம் முடியவில்லை. 7-ம் வசனத்தில் அவள் திரும்பவும் தீர்க்கதரிசியிடம் வருகிறாள், இத்தனை எண்ணெயை என்ன செய்வது என்று. அவர் மூன்று காரியம் சொல்லுகிறார். எண்ணெயை விற்றுப்போடு. கடனைக் கொடுத்துத் தீர். மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள். இந்த வரிசையைக் கவனிச்சீங்களா? முதல் குடத்தை என்னிடத்தில் கொண்டுவா என்று எலிசா சொல்லவில்லை. கொண்டாட்டம் போடு என்றும் சொல்லவில்லை. கடன் முதலில். வீட்டுச் செலவு அடுத்தது, அதுவும் மீந்ததற்குள்.

ஊழியத்துக்கு வருமுன் நான் சில வருஷம் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தவன். வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ வாங்கியது பிற்பாடு. ஆகவே கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவனாக ஒன்று சொல்லுகிறேன். கடையில் இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் பருப்பைக் கையில் அள்ளிப் பார்ப்பார், விலை கேட்பார், தராசு முள்ளைப் பார்ப்பார், "நேத்து அந்தக் கடையில் ரெண்டு ரூபாய் குறைச்சலாச்சே" என்பார். நோட்டில் எழுதி வாங்குகிறவர் இது ஒன்றும் கேட்க மாட்டார். கேட்க வாய் வராது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, "அண்ணே எழுதிக்கோங்க" என்று தலை குனிந்து போவார். கடைக்காரர் ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டியதே இல்லை. கடனே அந்த ஆளின் வாயைக் கட்டிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மாத லிஸ்ட் போட்டு ஒரே தடவையாக வாங்குகிற குடும்பம் அனேகமாகத் தேவைக்குத்தான் வாங்கும். தினமும் சாயந்திரம் பிள்ளையை அனுப்பி நோட்டில் எழுதச் சொல்லுகிற குடும்பத்தில், கால் கிலோ சர்க்கரையோடு கூட ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு பிஸ்கட்டும் ஏறும். பிள்ளைக்குத் தெரியும், கையில் காசு வேண்டியதில்லை என்று. மாசக் கடைசியில் அப்பா நோட்டைப் பார்த்து அம்மாவைத் திட்டுவார். "இவ்வளவு எப்படி ஆச்சு?" அவளுக்கும் தெரியாது. இப்போது போனில் ஸ்கேன் பண்ணுகிற வசதியும் வந்திருக்கிறது. நோட்டுக் கடனைவிட அது மேல், ஏனென்றால் உள்ளதிலிருந்துதான் போகிறது. ஆனாலும் பணம் போவது கைக்குத் தெரிகிறதில்லை.

தேவபிள்ளையே, அந்த நோட்டில் உன் பெயர் மட்டும் இல்லை. உன் சாட்சியும் அதில்தான் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேதப்புத்தகத்தோடு நீ அந்தக் கடையைத் தாண்டிப் போவதைக் கடைக்காரர் பார்க்கிறார். கன்வென்ஷன் காணிக்கைக் கவரில் 500 ரூபாய் போட்டுவிட்டுக் கடையில் 2,800 ரூபாய் பாக்கி வைத்திருப்பதை விசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த 500 யாருடைய பணம்? நீதிமொழிகள் 3-ல் 27, 28 வசனங்களை வாசித்துப் பாருங்கள். கையில் வைத்துக்கொண்டே, போய்த் திரும்பி வா, நாளைக்குத் தருகிறேன் என்று சொல்வதை வேதம் கண்டிக்கிறது. ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறேன். இந்த மாதம் கடை பாக்கி இருக்கிறவர்கள் முதலில் கடையைத் தீருங்கள். கவர் அடுத்த மாதம் வரட்டும். இப்படி எழுதினால் காணிக்கை குறைந்துவிடும் என்று நம் மூப்பர் ஒருவர் சொன்னார். குறையட்டும். எலிசா சொன்ன வரிசை அதுதானே?

இதில் இன்னொரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன். மாதம் 20-ம் தேதிக்கு மேல் வீட்டில் சாமான் குறையும்போது யாருடைய தட்டில் முதலாவது குறைகிறது? பிள்ளைக்குக் குறையாது. வேலைக்குப் போகிற புருஷனுக்கு டிபன் பாக்ஸில் குறையாது. கடைசியில் சாப்பிடுகிறவளுக்குத்தான் குறையும். சட்டியை வழித்து, ரசத் தண்ணியை ஊற்றிக்கொண்டு, "எனக்குப் பசிக்கல" என்பாள். ஜெபக் கூட்டத்தில் தலை சுற்றுகிறது என்று சகோதரிகள் வந்து ஜெபிக்கச் சொல்லுகிறார்கள். ஜெபிக்கிறேன், கண்டிப்பாக ஜெபிக்கிறேன். கூடவே, "காலையில் என்ன சாப்பிட்டீங்க சிஸ்டர்?" என்றும் கேட்கிறேன். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-ல் எடுத்தபோது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிப் பேருக்கு மேல்! நம் சபையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புருஷமாரே, மளிகைப் பணம் பற்றாமல் போவது கணக்குப் பிரச்சனை மாத்திரம் அல்ல. அது உங்கள் மனைவியின் சரீரத்தில் போய் விடிகிறது.

சரி, எப்படிச் செய்வது? நானும் என் மனைவியும் செய்கிறதைச் சொல்லுகிறேன். மாதக் கடைசி சாயந்திரம் இரண்டு பேரும் உட்காருவோம். சின்ன ஜெபம். பிறகு டப்பாக்களைத் திறந்து பார்ப்போம். உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்டாரே, அதுதான் லிஸ்ட்டின் முதல் வரி! பாதி டப்பா கடுகு இருக்கும்போதே இன்னும் 100 கிராம் எழுதுகிறோம்; கால் கிலோ கொள்ளு மூலையில் புழுத்துப் போகிறது. ஐந்தப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருகப்பண்ணின ஆண்டவரே, மீந்த துணுக்குகளைப் பொறுக்கச் சொல்லிப் பன்னிரண்டு கூடை எடுத்து வைத்தார். பெருகப்பண்ணத் தெரிந்தவர் வீணாக்கவில்லை.

இரண்டாவது வரி ரேஷன் கார்டு. 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் பருப்பும் எண்ணெயும் நூறைத் தாண்டி நிற்கின்றன. இத்தனை இருந்தும் "ரேஷன் பருப்பு வேகாது" என்று கார்டை அலமாரியில் வைத்திருக்கிறவர்கள் உண்டு. இரவே ஊறப்போடுங்கள், வேகும். 2023-ல் நீலகிரியிலும் நம்முடைய தருமபுரி மாவட்டத்திலும்தான் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏன் நம் மாவட்டம்? நாம் களி தின்று வளர்ந்த ஜனம் என்று ஊருக்கே தெரியும்! நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கடைச் சாமான். இங்கேதான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022-23-ல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கில், இந்தியக் கிராமத்துக் குடும்பத்தின் செலவில் 46 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் சாப்பாட்டுக்குப் போகிறது. அதில் அரிசி, கோதுமை போன்ற தானியத்துக்கு 4.91 சதவீதம். டீ, காபி, பலகாரம், பாக்கெட் தீனி வகைக்கு 9.62 சதவீதம்! தானியத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அரிசி விலை ஏறிவிட்டது என்று புலம்புகிறோம். பணம் வேறு ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்கள், விலை அதே 5 ரூபாய்தான், உள்ளே இருக்கிற கிராம்தான் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டு வருகிறது. இப்போது பல பாக்கெட்டுகளில் ஒரு கிராம் என்ன விலை என்று அச்சடித்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளையைக் கூட்டிப் போய் வாசிக்கச் சொல்லுங்கள்.

விசுவாசி வீட்டில் சாராயம் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டீக்கடை இருக்கிறது! காலையில் ஒரு டீ, ஒரு வடை, சாயந்திரம் அதே. ஒரு நாளைக்கு 40 ரூபாய் என்று வையுங்கள், மாதம் 1,200. ரேஷனில் ஒரு மாதத்துக்கு ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் இரண்டு கிலோ சர்க்கரையும் வாங்கினால் 105 ரூபாய். சகோதரனே, உன் ஒரு மாத டீயும் வடையும் உன் வீட்டுக்குப் பதினோரு மாத ரேஷன் சாமான். டீயே குடிக்காதே என்று நான் சொல்லவில்லை. அதையும் லிஸ்ட்டில் எழுது. மனைவி வாங்கின 20 ரூபாய் பூண்டு நோட்டில் ஏறும்போது, உன் வடை ஏறக்கூடாதா?

சாமானின் பெயரைவிடப் பணத்தின் அளவை முதலில் வையுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அரசாங்கம் பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. தக்காளி விளைகிற பாலக்கோடு பக்கத்திலேயே இருந்தும் நமக்கும் அந்தக் கஷ்டம் வந்தது. அப்படிப்பட்ட மாதத்தில் காய்க்கு வைத்த பணம் அப்படியே இருக்கட்டும், தக்காளி போகட்டும். புளியைக் கரையுங்கள், கீரையைக் கடையுங்கள், கொள்ளு ரசம் வையுங்கள். புளிக்கு மட்டும் ஒரு வார்த்தை. மாசி, பங்குனியில் நம் பக்கத்துப் புளி இறங்கும்போது வருஷத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் வைக்கிறவள் புத்தியுள்ளவள். அதற்கு மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். எகிப்தில் யோசேப்பு விளைச்சல் வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தது வேறென்ன?

வாங்கி வந்த பிறகு நான்காகப் பங்கு வையுங்கள். எங்கள் வீட்டில் எண்ணெய் கேனில் பேனாவால் நாலு கோடு போட்டிருக்கிறது, வாரத்துக்கு ஒன்று. 14-ம் தேதியே மூன்றாவது கோட்டைத் தொட்டுவிட்டால், அந்த வாரம் அப்பளம் சுட்டதுதான், பொரித்தது அல்ல. வனாந்தரத்தில் மன்னா பெய்தபோது தலைக்கு ஒரு ஓமர் என்று கர்த்தரே அளவு குறித்தார். வானத்திலிருந்து வந்ததற்கே அளவு இருந்தது! நல்லம்பள்ளிக் கடையிலிருந்து வருவதற்கு வேண்டாமா?

மாதச் சாமானை ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். முதல் மாதம் கஷ்டம்தான். பழைய பாக்கியும் கொடுக்க வேண்டும், புதுச் சாமானும் வாங்க வேண்டும். பாக்கி பெரிதாக இருந்தால் கடைக்காரரிடம் ஒளியாமல் நேரே போய், "அண்ணே, இன்றிலிருந்து எழுத வேண்டாம். பழையதில் மாதம் இத்தனை கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி கொடுங்கள். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற என் அனுபவத்தில், இப்படி வந்து நின்ற ஆளை எங்கள் முதலாளி ஒரு நாளும் விரட்டினது கிடையாது.

இதெல்லாம் மாம்சத்துக்குரியது, நாங்கள் ஆவிக்குரியவர்கள் என்கிறீர்களா? அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தில் எருசலேம் சபைக்குள் முறுமுறுப்பு எழும்பியது எதனால்? உபதேசத்தினால் அல்ல. தினசரிப் பந்தி விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப் போனதினால். அந்த வேலைக்கு அப்போஸ்தலர்கள் எப்படிப்பட்ட ஆட்களைத் தேடச் சொன்னார்கள்? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரை! ஸ்தேவான் அதில் ஒருவன். இரத்தசாட்சியாய் மரித்த ஸ்தேவான் முதலில் சாப்பாட்டுப் பங்கீடு பார்த்தவன். அந்நியபாஷை பேசுகிற நாம் பருப்புக் கணக்கு பார்த்தால் அபிஷேகம் குறைந்துவிடுமா?

மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஆக்ஸ்போர்டு வாலிபன் ஒருவனின் கணக்கைச் சொல்லுகிறார். அது அவருடைய சொந்தக் கணக்கே என்று எடுத்துக்கொள்ளுகிறார்கள். முதல் வருஷம் 30 பவுண்டு வரவு. 28-ல் பிழைத்து 2 பவுண்டு கொடுத்தான். அடுத்த வருஷம் வரவு 60. செலவு அதே 28. பிறகு 90, பிறகு 120. செலவு அதே 28 பவுண்டுதான், மீதியெல்லாம் ஏழைகளுக்கு. நம் வீட்டில் மகன் ஓசூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மாதமே மளிகை லிஸ்ட் ஒரு முழம் நீளுகிறது! 2023 செப்டம்பரில் தாய்மார்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வரத் தொடங்கியது. அந்த விண்ணப்ப முகாமை நம்ம தொப்பூரில்தான் 2023 ஜூலை 24-ம் தேதி முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்த ஆயிரம் வந்த வீடுகளில் கடை பாக்கி ஆயிரம் குறைந்ததா? கைகளை உயர்த்த வேண்டாம், மனதிலே பதில் சொல்லுங்கள்.

"அப்போ கொடுக்கவே வேண்டாமா?" கொடுக்கலாம், கடன் படாமல் கொடுக்கிற வழி உண்டு. மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 முதல் ஒரு பழக்கம். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் பானையில் போட அள்ளின அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். சபை அதைச் சேகரித்து விற்று ஊழியத்துக்குச் செலவிடுகிறது. அந்தக் கைப்பிடி அவர்களுடைய சொந்தச் சட்டியிலிருந்து வருகிறது, கடை நோட்டிலிருந்து வரவில்லை.

சகோதரிகளே, கணக்கு எழுத எங்களுக்குத் தெரியாது என்று சொல்லாதீங்க. ஐக்கிய நாடுகளின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதன்முதல் தொடங்கியது நம்முடைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் அப்போது நம்மோடு சேர்ந்திருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அம்மாமார், பைசா பிசகாமல் குழு நோட்டை முடித்தார்கள். இன்றைக்கும் நீங்கள் முடிக்கிறீர்கள். குழுவில் இருபது பேர் பணத்துக்குக் கணக்கு வைக்கிறவள் வீட்டில் நோட்டே இல்லை. ஏன்? பணம் புருஷன் சட்டைப் பையில் இருக்கிறது. எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லுகிறதில்லை. வரவு தெரியாதவள் எப்படிச் செலவைக் கட்டுப்படுத்துவாள்?

வாரத் தவணை கட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, நுண்கடன் கொடுக்கிறவர்கள் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகாதபடி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பாதி போனாலே சமையலுக்கு என்ன மிஞ்சும்? புதிதாய்க் கையெழுத்துப் போடுமுன் மளிகை லிஸ்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து, கஞ்சி குடித்த பிறகு, விருப்பமுள்ள குடும்பங்களோடு நானும் என் மனைவியும் உட்கார்ந்து லிஸ்ட் எழுத உதவி செய்வோம். யாருடைய பாக்கியும் சபையில் வாசிக்கப்படாது, பயப்பட வேண்டாம். கோடு போட்ட நோட்டு ஒன்று, ரேஷன் கார்டு, கடை நோட்டு மூன்றும் கொண்டு வாருங்கள். சகோதரிகள் மாத்திரம் வந்தால் போதாது. புருஷமாரும் சம்பளக் கணக்கோடு வர வேண்டும். டீ நான் போட்டுத் தருகிறேன்.